மைக் அண்ணன் சொன்ன கப்பல்

மைக் அண்ணனிடம் போய் எதையாவது கேட்டவர்கள் பதில் இல்லாமல் திரும்பியது கிடையாது. கடலாடிக்கு எந்த வழி என்று கேட்டால் உடனே கையை நீட்டிவிடுவார். இத்தனாவது புளிய மரம், அதைத் தாண்டி ஒரு கிணறு, அந்தக் கிணற்றில் கயிறு இருக்காது, தண்ணீரைப் பக்கத்து வீட்டில் வாங்கிக் குடித்துக்கொள்ளுங்கள் என்று நேற்றுத்தான் போய்விட்டு வந்தவர் மாதிரி சொல்லி அனுப்புவார். அந்த வழியில் போனால் கடலாடி வராது. அது வேறு விஷயம். கேட்டவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரு தடவை வடநாட்டு யாத்திரைக்காரர்கள் ஒரு கூட்டம் ரயிலை விட்டுவிட்டு ரோட்டில் நின்றது. அவர்கள் பேசியது எங்களில் யாருக்கும் விளங்கவில்லை. இவர் முன்னால் போய், அவர்கள் மாதிரியே மூக்கால் என்னவோ பேசி, கையை ஆட்டினார். அவர்களும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே நடக்க ஆரம்பித்தார்கள். ராமேஸ்வரம் கிழக்கே இருக்கிறது. டீக்கடைக்காரர் ஓடிப்போய்த் திருப்பிக் கூட்டிவந்தார்.

“என்னண்ணே, ஒங்களுக்கு அந்தப் பாஷை தெரியுமா?” என்று நான் கேட்டேன்.

“பாஷை எதுக்குடா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுல்ல. ஊருக்குத் திரும்பணும்னு நிக்கிறாக.”

நான் அப்போது டூரிங் டாக்கீஸில் கரண்டுக்கு எஞ்சின் ஓட்டினேன். மண்டபத்துக்கு மேற்கே, ரயில் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு சவுக்குத் தோப்பை ஒட்டிக் கொட்டகை போட்டிருந்தோம். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். எனக்குப் படிப்பு கிடையாது, வருஷத்தையெல்லாம் இப்படிக் குத்துமதிப்பாகத்தான் சொல்ல வரும். எஞ்சின் சத்தம் உள்ளே கேட்கக்கூடாது என்று அதைக் கொட்டகைக்கு வெளியே தள்ளி, தனியாக ஒரு ஓலைச் சாய்ப்புக்குக் கீழே வைத்திருந்தார்கள். அதனால் ஆறு வருஷம் டாக்கீஸில் இருந்தும் நான் படம் பார்த்தது குறைச்சல். காதால் கேட்டதுதான் அதிகம்.

தமிழ்ப் படத்துக்கு இவர் தேவையில்லை. அந்த நாட்களில் டிக்கெட் கிழிப்பார், சண்டை விலக்குவார், பகலில் மாட்டு வண்டியில் போஸ்டர் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நோட்டீஸ் போட்டு வருவார். இங்கிலீஷ் படம் வந்துவிட்டால் அவருக்கு மரியாதையே தனி. திரைக்கு ஓரமாக ஒரு முக்காலியைப் போட்டு, மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு உட்காருவார். படத்தின் சத்தத்தை ஆபரேட்டர் குறைத்துவிடுவார். அப்புறம் அவர் குரல்தான். எல்லோரும் அவரை மைக் அண்ணன் என்று கூப்பிட்டோம். முதலாளி கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

இங்கிலீஷ் அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்கிற கதையில் குதிரை மேல் வருகிறவன் யாராக இருந்தாலும் அவன் பெயர் ஜான். கறுப்புத் தொப்பி போட்டிருந்தால் ஜானுடைய சித்தப்பா மகன், சொத்துக்காக வந்திருக்கிறான். அழுகிற பெண் மேரி. ஒரு நாள் ஆபரேட்டர் ரீலை மாற்றி ஓட்டிவிட்டார். போன ரீலில் செத்துப்போன ஜான் இந்த ரீலில் எழுந்து காப்பி குடிக்கிறான். கொட்டகை கூச்சல் போட ஆரம்பித்தது. இவர் கொஞ்சமும் அசையவில்லை.

“ஏன்யா கத்துறீக? இவன் தம்பிக்காரன். ரெட்டப்புள்ள. இப்பத்தான ரயிலை விட்டு எறங்குறான்” என்றார்.

கூச்சல் அடங்கிவிட்டது. இன்னொரு தடவை நடுவில் ஒரு ரீல் பெட்டியிலேயே வரவில்லை. வெள்ளைத் திரையை அப்படியே விட்டுவிட்டு, அந்த ரீலில் நடந்ததைப் பத்து நிமிஷம் வாயாலேயே சொன்னார். மலையில் ஒரு பாலம் உடைகிறது, கீழே வெள்ளம் போகிறது, மேரி கூந்தலை அவிழ்த்துக் கயிறாகப் போடுகிறாள். படம் முடிந்து போகும்போது, அந்த வெள்ளை ரீல்தான் நன்றாக இருந்தது என்று ஜனங்கள் பேசிக்கொண்டு போனார்கள். மறுநாள் அதைப் பார்க்கவென்றே நாலு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் காணாமல் போன ரீல் வந்துவிட்டது. அதில் இரண்டு பேர் ஆபீஸில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆள் ஒல்லி. தொண்டைக்கு நல்லது என்று எந்நேரமும் வாயில் ஒரு கற்கண்டு அடக்கியிருப்பார். இரண்டு பை இருக்கிற ஒரு கறுப்புக் கோட்டு வைத்திருந்தார், அதில் ஒரு பைக்கு அடிப்பக்கம் இல்லை. மறந்துபோய் அதில் பீடிக்கட்டைப் போடுவார், அது கீழே விழும், குனிந்து எடுத்து மறுபடியும் அதிலேயே போடுவார். சொந்த ஊர் எது என்று கேட்டதற்கு என்னிடம் பரமக்குடி என்றார். ஆபரேட்டரிடம் ரங்கூன் என்றார். முதலாளியிடம் வேறு ஏதோ ஊர். பொய் சொல்லி யாரையும் ஏமாற்ற வேண்டும் என்கிற எண்ணம் அவரிடம் இருந்ததில்லை. கேட்ட கேள்வி தரையில் விழக்கூடாது, அவ்வளவுதான்.

இதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் அய்யா செத்த அன்றைக்கு நான் படப்பெட்டி எடுக்க ராமநாதபுரம் போயிருந்தேன். வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அழக்கூட வராமல் உட்கார்ந்திருந்தேன். மைக் அண்ணன் வந்து தோளில் கையை வைத்து, “கடைசியா ஒன் பேரத்தான் சொன்னாருடா. எஞ்சின் ஓடுதான்னு கேட்டாரு” என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அய்யாவுக்கு இரண்டு நாளாகவே பேச்சு நின்றுபோயிருந்தது என்று அம்மா பிறகு சொன்னாள். நான் வந்து சேருகிற வரைக்கும் மைக் அண்ணன் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அது தெரிந்த பிறகும் அந்த வார்த்தையை நான் தூக்கிப் போடவில்லை. இன்னும் வைத்திருக்கிறேன்.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடற்கரைக் குடியிருப்பில் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சான் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். வாடைக் காற்றுக் காலத்தில் ஒரு நாள் விடிகாலையில் நாலு பேர் போனார்கள். மூன்றாம் நாள் வள்ளம் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. அதற்கு மறுநாள் இரண்டு உடம்பு வந்தது. மச்சானும் இன்னொருவரும் வரவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலில் போய் உடம்பு வராதவனுக்கு மூன்று வருஷம் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் வராவிட்டால், ஒரு அமாவாசையன்று வைக்கோலில் ஆள் மாதிரி கட்டி, அவன் வேட்டியைச் சுற்றி, கரையில் கொள்ளி வைப்பார்கள். பெண்டாட்டி தாலியைக் கழற்றி அந்தத் தீயில் போடுவாள். அதோடு அவளுக்குக் கட்டு விட்டது. வேறு யாரையும் கட்டிக்கொள்ளலாம், ஒருத்தரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கொள்ளி வைக்காத வரைக்கும் அவள் புருஷன் இருக்கிறவள்.

அக்காவுக்கு மூன்று வருஷம் முடிந்தது. கீழக்கரைப் பக்கத்திலிருந்து சங்கு குளிக்கிற ஒருவர் பெண் கேட்டு வந்தார். முதல் பெண்டாட்டி பிரசவத்தில் போய்விட்டவர். அதிகம் பேசமாட்டார். வந்த அன்று எங்கள் வீட்டு வாசலில் அக்கா தூக்கமுடியாமல் தூக்கிய தண்ணீர்ப் பானையைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போனது. அக்காவும் சரி என்றாள். ரொம்ப நேரம் கழித்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். வருகிற அமாவாசைக்கு வைக்கோல் கொளுத்துவது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள்.

ஏன் அவ்வளவு நேரம் யோசித்தாள் என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. மச்சான் கிளம்பின அன்று இருவருக்கும் சண்டை. கடலுக்குப் போகிறவரைப் பார்த்து எங்கள் பெண்கள் ‘போ’ என்ற சொல்லையே வாயில் எடுக்கமாட்டார்கள். இவள், “போய்த் தொல, திரும்பி இந்த வாசல்ல வந்து நிக்காத” என்று கத்திவிட்டாள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். மூன்று வருஷமாக அவள் என் முகத்தை நேராகப் பார்த்தது கிடையாது.

அமாவாசைக்கு ஒன்பது நாள் இருக்கும்போதுதான் அந்தப் படம் வந்தது.

முதலாளி மதுரைக் கம்பெனியில் கேட்டது ஒரு கத்திச்சண்டைப் படம். ஸ்டேஷனில் நான் எடுத்துவந்த பெட்டியில் இருந்தது ஸ்வீடன் என்கிற ஊர்ப் படம். இங்கிலீஷ் கூட இல்லை. படத்துக்குக் கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும் என்று ஆபரேட்டர் ஓட்டிப் பார்த்துச் சொன்னார். போஸ்டரில் பாறை மேல் ஒரு வெள்ளைக்காரி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு, “இது என்ன கதையாம்?” என்றார்.

எல்லோரும் மைக் அண்ணனைப் பார்த்தோம். அவர் போஸ்டரை ஒரு நிமிஷம் பார்த்தார்.

“கடக்கரைக் குடும்பக் கதை முதலாளி. புருசன் கடல்ல போயிருவான். பொம்பளைங்க கூட்டம் அள்ளிக்கிட்டுப் போகும், பாருங்க.”

வண்டியில் போய் அப்படியே நோட்டீஸ் போட்டார். கடல், குடும்பம், கண்ணீர், உண்மைச் சம்பவம் என்று குடியிருப்புக் குடியிருப்பாகச் சொல்லிவிட்டு வந்தார். முதல் நாள் மாலை ஆட்டத்துக்குப் பெண்கள் பக்கம் மணலில் இடமில்லை. அக்காவும் பக்கத்து வீட்டுக்காரிகளோடு வந்திருந்தாள். சங்கு குளிக்கிறவர் ஆண்கள் பக்கம் பெஞ்சில் இருந்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எந்தப் படத்துக்கும் முன்னால் சர்க்காரின் நியூஸ் படம் ஒன்று போடுவார்கள். அணை கட்டுவார்கள், வெள்ளம் வரும், மந்திரி ரிப்பன் வெட்டுவார். அதில் யாரும் பேசமாட்டார்கள், பாடமாட்டார்கள். ஒரு குரல் மட்டும் இது இன்னது, இவர் இன்னார் என்று சொல்லிக்கொண்டே போகும். எங்கள் பெண்களுக்குக் கணக்கு அதுதான். ஆட்கள் வாயைத் திறந்து பேசிப் பாடினால் கதை. ஆள் பேசாமல் குரல் சொன்னால் நியூஸ், அதாவது நிஜம். இங்கிலீஷ் படம் பார்க்க அவர்கள் வருவதில்லை, அதனால் மைக் அண்ணன் மைக்கில் பேசி அவர்கள் கேட்டதும் கிடையாது.

அன்றைக்கு நியூஸ் பெட்டி வரவில்லை. விளக்கை அணைத்ததும் நேரே அந்தப் படம் ஓடியது.

நான் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டேன். “இதோ பாருங்க, கடலுக்குப் பக்கத்துல ஒரு வீடு. இவன் பேரு ஜான். இவ மேரி. கட்டிக்கிட்டவுக” என்று ஆரம்பித்தார். ஜான் கடலுக்குப் போகிறான். காற்று அடிக்கிறது. வெறும் படகு வருகிறது. அப்புறம் ரொம்ப நேரத்துக்குப் படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை போலிருக்கிறது. உள்ளேயிருந்து விசில் சத்தம் வந்தது. மேரி மேஜை மேல் இரண்டு தட்டு வைக்கிறாள். ஒன்றில் தான் சாப்பிடுகிறாள், இன்னொன்று சும்மா இருக்கிறது. திரும்பத் திரும்ப இதுதான். மைக் அண்ணனுக்குச் சும்மா இருக்கிற தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

“படகுதான்யா கவுந்துச்சு. ஜான் நீச்சல் தெரிஞ்சவன். அந்தப் பக்கமாப் போன கப்பல்காரன் தூக்கிப் போட்டுக்கிட்டான். கப்பல் எங்கிட்டுப் போகும்? அது போற ஊருக்குத்தான போகும். அங்கன எறங்கி, காயலாக் கெடந்து, பாஷை தெரியாம, வேல செஞ்சு கப்பலுக்குக் காசு சேத்துக்கிட்டு இருக்கான். இவ இங்கன தட்டு வச்சுக் காத்துக்கிட்டு இருக்கா. ஊர்ல எல்லாரும், அவன் செத்துட்டான், நீ வேற கட்டிக்கன்னு சொல்றாக. இவ மாட்டேங்கிறா. ஏன்னா இவளுக்குத் தெரியும்.”

பெண்கள் பக்கம் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. கடைசியில் அவள் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போய்க் கடலில் வீசிவிடுகிறாளாம். அதற்கும் பதில் வைத்திருந்தார்.

“பழைய தட்டு இனிமே எதுக்கு? புதுத் தட்டு வாங்கப் போறா. பாருங்க அவ கண்ண. தூரத்துல கப்பல் தெரியுது. வந்துட்டான் ஜான்!”

விளக்கு எரிந்தது. ஆண்கள் பக்கம் சிரிப்பும் வசவுமாக வெளியே வந்தது. மீன் ஏலம் விடுகிறவர் என்னிடம் வந்து, “ஒரு வீடு, ஒரு மேசை, ஒரு பொம்பளை. இத எங்க வீட்லயே பாத்துக்கிருவேனே, இதுக்கு எதுக்குய்யா எஞ்சின் ஓட்டுறீக?” என்றார். டீக்கடைக்காரர், “எம்புட்டுக் காப்பி குடிக்கிறாக! அந்த ஊர்ல கடை போட்டா பொழைச்சுக்கலாம்” என்றார். தோணியில் கொழும்பு, ரங்கூன் எல்லாம் போய்வந்த ஒரு ராவுத்தர் மட்டும் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். “அந்தக் கடல் குளிர் கடலு வாப்பா. அதுல விழுந்தவனுக்கு அல்லா நாலு நிமிசம்கூடக் குடுக்க மாட்டான். கப்பலாம், கப்பல்” என்று சொல்லிவிட்டுப் போனார். சங்கு குளிக்கிறவர் என்ன சொன்னார் என்றால், “அந்தப் பாறைக்கு அடியில தண்ணி நல்லாத் தெளிஞ்சு கெடந்துச்சு” என்றார்.

பெண்கள் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாக வந்தார்கள். அக்கா என்னிடம் வந்து நின்றாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“கொள்ளி வைக்க வேணாம்னு பெரியவுககிட்டச் சொல்லிரு” என்றாள்.

“என்னக்கா சொல்ற?”

“உசுரோட இருக்கிற மனுசனுக்குக் கொள்ளி வைக்கச் சொல்றியா?”

“அது படம்க்கா. கத.”

“ஏலே, எனக்குத் தெரியாதா? கதைன்னா பேசியிருப்பாகள்ல? அது நியூஸ்.”

அம்மா அழுதாள், பெரியவர்கள் வைதார்கள். அக்கா அசையவில்லை. இரண்டாம் நாள் ஆட்டத்தில் கூட்டம் குறைந்துபோனதால் மைக் அண்ணன் கதையை மாற்றி, மேரிக்குப் பைத்தியம் என்றும் ஜான் பட்டணத்தில் வேறு ஒருத்தியோடு இருக்கிறான் என்றும் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

“பாத்தியாக்கா, இன்னைக்கு வேற மாதிரிச் சொல்றாரு.”

“அது இன்னைக்கு நியூஸ். ஒருத்தி கத மாதிரியே எல்லாருக்கும் இருக்குமா?” என்றாள்.

மூன்றாம் நாள் எஞ்சினைத் தனியாக விட்டுவிட்டு நானும் கொட்டகைக்குள் போனேன். கடைசிக் கொஞ்சம்தான் பார்த்தேன். அந்தப் பெண் தட்டை வீசிவிட்டுத் திரும்புகிறாள். அவள் முகம் திரை முழுக்க வருகிறது. நம்மையே பார்க்கிற மாதிரி, ரொம்ப நேரம் பார்க்கிறாள். அழவில்லை. அந்தக் கண்ணில் கப்பல் எதுவும் இல்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்கிற ஆளின் முகம் மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் பெட்டியைத் திருப்பி அனுப்ப ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். ஸ்டேஷன் மாஸ்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், படித்தவர். முதல் நாள் நாற்காலி டிக்கெட்டில் வந்து படம் பார்த்திருந்தார். பெட்டிக்குச் சீட்டு எழுதிக்கொண்டே, “உங்க ஆளு என்னப்பா, அநியாயத்துக்கு அளந்தான்?” என்று சிரித்தார்.

“சார், நெசமா என்ன கத சார் அது?”

பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். “அவன் செத்துட்டான். அதுல சந்தேகமே இல்லை. கிளம்பற அன்னிக்கு அவ அவனைப் பார்த்து, போ, திரும்பி வராதேன்னு சொல்லிடறா. தன் வார்த்தைதான் அவனைக் கொன்னுதுன்னு நினைச்சுண்டு, தனக்குத் தானே தண்டனை மாதிரி அந்தத் தட்டை வைக்கறா. கடைசியில, ஒரு வார்த்தை யாரையும் கொல்லாதுன்னு அவளுக்குப் புரியறது. அவ்வளவுதான் படம். நல்ல படம்ப்பா. கீழே எழுத்துல எல்லாம் இருந்தது.”

நான் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்தச் சீமையில் அந்தப் படம் ஒரே ஒருத்திக்காகத்தான் வந்தது. அவளும் வந்து மணலில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தாள். நடுவில் ஒரு மைக் இருந்துவிட்டது.

நேரே கொட்டகைக்கு வந்தேன். மைக் அண்ணன் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா சண்டை போட்டதையும் சொன்னேன், அதுவரை யாரிடமும் சொல்லாதது. அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, “ஸ்டேஷன் மாஸ்டர் எழுத்தைப் படிச்சாரு. நான் மூஞ்சியப் படிச்சேன்” என்றார்.

“ஒங்க காலைப் பிடிக்கிறேண்ணே. அக்கா நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறா, நீ எஞ்சினுக்குப் பக்கத்துல நின்ன ஆளுதானங்கிறா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அந்தக் கத தெரியாது, நானாத்தான் சொன்னேன்னு. அம்புட்டுத்தான். இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு.”

அவருக்கு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. கோட்டைப் போட்டுக்கொண்டார். “வாரேன்டா. சொல்லிர்றேன். என் தொண்டை மேல சத்தியம்” என்றார்.

நடந்து போனோம். வழியெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். அக்கா வீட்டுக்கு முன்னால் மணலில் கருவாடு காயப்போட்டிருந்தாள். அக்கா மாட்டேன் என்றதை நான் முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்ததால் சங்கு குளிக்கிறவரும் வந்து, வாசலில் இருந்த பனங்கட்டை மேல் உட்கார்ந்திருந்தார். அக்கா மைக் அண்ணனைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சர்க்கார் ஆளுக்குக் கொடுக்கிற மரியாதை.

அவர் மோரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். “தாயி, அன்னைக்கு நான் சொன்னேன்ல, அது வந்து…”

“நீங்க வந்ததே சாமி வந்த மாதிரிண்ணே. ஒண்ணு கேக்கணும்னு மூணு நாளாத் தவிச்சுக்கிட்டு இருக்கேன். அந்தப் பொம்பளைக்குப் புருசன் எத்தன வருசம் கழிச்சு வந்தாரு?”

அவர் பேசாமல் இருந்ததை நான் என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். அக்கா அவர் முகத்துக்குக் கீழே குனிந்து, உலையில் அரிசி வெந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மனசுக்குள், சொல்லுண்ணே, தெரியாதுன்னு சொல்லு, சொல்லு என்று கத்திக்கொண்டிருந்தேன்.

“ஏழு வருசம் தாயி” என்றார்.

அக்கா விரலை மடக்கி எண்ணினாள். “நமக்கு மூணுதான் ஆச்சு” என்றாள். என்ன ஒரு சிரிப்பு அது. மச்சான் போனதிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. “எந்த ஊர்ல எறக்கிவிட்டாகண்ணே?”

அப்புறம் அவர் நிற்கவில்லை. துறைமுகத்துக்குப் பெயர் சொன்னார். கப்பல் நிறம் சொன்னார். அங்கே ஒரு கிழவி ஜானுக்குக் கஞ்சி ஊற்றினாள், தன் மகன் மாதிரி வைத்துக்கொண்டாள் என்றார். அக்கா “நல்லா இருப்பா மகராசி” என்று அந்தக் கிழவியைக் கும்பிட்டாள். சங்கு குளிக்கிறவர் எழுந்து, பின்னால் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டு, என்னிடம் மட்டும் தலையை அசைத்துவிட்டு மேற்கே நடந்துபோனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் பக்கம் வரவில்லை.

திரும்பி வரும்போது அவரை அடித்துவிடலாமா என்று இருந்தது. “ஏன்யா இப்படிச் செஞ்ச?” என்று சட்டையைப் பிடித்தேன். அதுவரை அவரை ஒருமையில் பேசியதில்லை.

“அவ கேட்டுட்டாளேடா” என்றார். சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை. “நீயும் பாத்தில்ல அவ மூஞ்சிய? அதுக்கு மேல இல்லைன்னு எப்படிரா சொல்றது? ஒன்னால முடியுமா?”

“என்னால முடியும்” என்றேன்.

அந்த அமாவாசையும் வந்தது, போனது. வைக்கோல் கட்டவில்லை. அதற்கப்புறம் நான் மைக் அண்ணனோடு பேசவில்லை. அடுத்த வருஷம் கொட்டகை லைசென்ஸ் முடிந்து வேறு ஊருக்குப் போனபோது அவரும் பெட்டிகளோடு லாரியில் ஏறிப் போய்விட்டார். ஏறும்போது என்னைப் பார்த்தார். நான் கூடப் போகவில்லை, லாரியில் ஏற்ற வேண்டிய எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா காத்திருந்தாள். மெலிந்து, கறுத்து, ஆனால் ஒரு நாளும் அழாமல் இருந்தாள். பெண் கேட்டு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். மச்சான் போன நாளிலிருந்து ஏழாவது வருஷம் முடிந்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டனுப்பினாள். வீடு மெழுகிக் கோலம் போட்டிருந்தது. மீன் குழம்பும் சோறும் ஆக்கி வைத்திருந்தாள். தலையில் பூ. இருவரும் வாசலில் உட்கார்ந்தோம். வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் இறங்குகிற ஆட்களை அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். கடைசி வள்ளமும் வந்து, பாயைச் சுருட்டி, ஆட்கள் வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பொழுது சாய்ந்தது.

இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும், ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் என் பக்கம் திரும்பினாள்.

“ஏண்டா, அன்னைக்கு அவரு சொன்னப்ப நீயும் கூட நின்னில்ல? ஏழுன்னா சொன்னாரு? இல்ல, ஒம்போதுன்னாரா? எனக்குத்தான் சரியா நினைப்பு இல்ல.”

அவள் முகத்தைப் பார்த்தேன்.

“ஒம்போதுக்கா” என்றேன்.